கிடங்கு இருக்கிறவர் காத்திருப்பார்: குதிரிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு குடோன் வரை



இன்னைக்குக் கதை ஒரு மொட்டை மாடியில ஆரம்பிக்குது. மேற்குத் தாம்பரத்துல ஒரு நண்பன் வீடு. ஆர்டர் பண்ண ஹெட்போன் எங்க வந்திருக்குன்னு அவன் போன்ல பாத்துக்கிட்டே இருந்தான். ஒரகடம் பக்கத்துல ஒரு கிடங்குல இருக்கு, காலையில வந்துடும்னு காட்டுச்சு. பக்கத்துல அவனோட பாட்டி. அவங்க சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். "எங்க வீட்டுலயும் ஒரு கிடங்கு இருந்துச்சுடா, குதிரு. அதுல நெல்லு கெடந்தா எவன்கிட்டயும் அவசரப்பட்டுப் போய் நிக்க வேணாம்"னாங்க.

நண்பனுக்குக் குதிர்னா என்னன்னு தெரியல. உடனே போன்ல தேடினான். எனக்கு அந்தப் பேச்சுல வேற ஒரு வார்த்தை மனசுல நின்னுடுச்சு: 'அவசரம்'.

இந்த எபிசோட் அந்த அவசரத்தைப் பத்தினது. விளைஞ்ச பொருளைப் பத்திரமா வைக்க இடம் இருக்கிறவங்க நல்ல விலைக்காகக் காத்திருக்கலாம். இடம் இல்லாதவங்க, அன்னைக்கு என்ன விலை சொல்றாங்களோ அதுக்குக் கொடுத்துட்டுத்தான் போகணும். தாம்பரம், வண்டலூர், படப்பை, ஒரகடம்னு நம்ம தென்சென்னைப் புறநகரைச் சுத்தி இன்னைக்குப் பெரிய பெரிய ஷெட்டுகள் நிக்குது. அதுக்கு முன்னாடி இதே மண்ணுல கிடங்கு எப்படி இருந்துச்சு, யார் கையில இருந்துச்சு, அது கை மாறினப்போ யார் எதை இழந்தாங்க? அதைத்தான் பேசப் போறோம்.

கப்பலேறிப் போன ஒரு சொல்

முதல்ல 'குடோன்'ங்கிற வார்த்தை. நாம அதை இங்கிலீஷ் வார்த்தைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். படிக்கட்டுல கீழே இறங்கிப் போற இடம், அதனால அந்தப் பேருன்னு விளக்கம் சொல்றவங்களும் உண்டு. உண்மை அதைவிட சுவாரசியமானது.

இந்தியாவுல புழங்கின இங்கிலீஷ் சொற்களுக்கு யூல், பர்னெல்னு ரெண்டு பேர் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886-ல் வந்தது. குடோனுக்கு அவங்க காட்டுற வழி இது: இங்கிலீஷுக்கு முன்னாடி அது மலாய் மொழியில இருந்தது. மலாய்க்கு அது தென்னிந்தியாவுல இருந்து போயிருக்கலாம். தமிழ்ல 'கிடங்கு', தெலுங்குல 'கிடங்கி'. சரக்கு 'கிடக்கிற' இடம், அதனால கிடங்கு. நம்ம ஊர் வியாபாரிகளோட கப்பலேறி மலாய்க்குப் போய் 'கூடாங்' ஆகி, ஐரோப்பியர் வாய்க்குள்ள நுழைஞ்சு, 'குடோன்' ஆகித் திரும்பவும் நம்ம தெருவுக்கே வந்து போர்டு மாட்டிக்கிச்சு. சென்னை ஜார்ஜ் டவுன்ல துணி மொத்த வியாபாரத்துக்குப் பேர் போன கோடவுன் தெரு இருக்கே, அந்தப் பேருக்குள்ள ஒரு பழைய தமிழ்ச்சொல் ஒளிஞ்சிருக்கு.

இதே சொல் சிங்கப்பூர்ல இன்னொரு வேஷம் போட்டது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்ல வட்டித்தொழில் நடத்தின கட்டடங்களுக்குப் பேர் 'கிட்டங்கி'. ஒரே கூரைக்குக் கீழே பல பேர் பெட்டியடி போட்டு உக்காந்து கடன் கொடுப்பாங்க. அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். சரக்கு வைக்கிற இடத்தோட பேர் கடன் கொடுக்கிற இடத்தோட பேரா மாறினதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சரக்கும் கடனும் எப்பவுமே பக்கத்துப் பக்கத்து வீடு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இன்னொரு விஷயம். பழந்தமிழ்ல கிடங்குன்னா அகழியையும் குறிக்கும், கோட்டையைச் சுத்தித் தண்ணி கிடக்கிற பள்ளம். தண்ணியையும் நெல்லையும் தேக்கி வைக்கிறதுக்கு ஒரே சொல். செங்கல்பட்டுச் சீமைக்கு இது ரொம்பப் பொருந்தும். ஏன்னா இது ஆத்துப் பாசனத்தை மட்டும் நம்பின ஊர் இல்ல, ஏரி ஊர். பீர்க்கன்கரணை, இரும்புலியூர், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம்... இன்னைக்கு நமக்கு இதெல்லாம் பஸ் ஸ்டாப் பேரு. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஏரி, ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு, ஆயக்கட்டுல நெல். மழைக்காலத்துல தண்ணியைச் சேர்த்து வைக்கிற கிடங்கு அந்த ஏரி. அறுவடைக்கு அப்புறம் நெல்லைச் சேர்த்து வைக்கிறது அடுத்த கிடங்கு.

குதிரும் களமும் கோயிலும்

இப்போ பாட்டி சொன்ன குதிருக்கு வருவோம். மண்ணைக் குழைச்சு, உறை உறையா வனைஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, ஆள் உயரத்துக்கு மேல நிக்கிற பானை மாதிரியான அமைப்பு. மேல வாய் வழியா நெல்லைக் கொட்டணும். கீழ சின்னதா ஒரு துவாரம், அதைத் திறந்து வேணுங்கிற அளவு எடுத்துக்கலாம். பூச்சி வராம இருக்க வேப்பிலை, நொச்சி இலை போடுவாங்க. தஞ்சாவூர்ப் பக்கம் மரத்துல செஞ்ச பத்தாயம். கரிசல் காட்டுல குலுக்கை. விதைநெல்லை மட்டும் வைக்கோல் பிரியால சுத்திக் கோட்டை கட்டித் தனியா வெச்சிடுவாங்க. பசியில செத்தாலும் அதைத் தொடக்கூடாதுங்கிறது விவசாயி வீட்டுச் சட்டம்.

'எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல'ங்கிற பழமொழி கேள்விப்பட்டிருப்பீங்க. கடன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான். அப்பா ஓடிப்போய் காலிக் குதிருக்குள்ள ஒளிஞ்சுக்கிறாரு. "அப்பா எங்கடா?"ன்னு கேட்டா, பையன் "எங்கப்பா குதிருக்குள்ள இல்ல"ன்னு சொல்லி மாட்டி விட்டுடறான். சிரிச்சுட்டுக் கடந்துபோற கதைதான். ஆனா கொஞ்சம் நின்னு பாருங்க. ஒரு ஆள் உள்ள போய் உக்கார முடியுதுன்னா, அந்தக் குதிர்ல நெல் இல்ல. நெல் இல்லாததாலதான் கடன். குதிர் காலியானா கடன்காரன் வருவான்ங்கிற கணக்கு அந்தப் பழமொழிக்குள்ளேயே இருக்கு.

சரி, குதிருக்கு நெல் எங்கேர்ந்து வந்தது? களத்துல இருந்து. களத்துல நடந்த பங்கீட்டைப் பத்தி நம்ம பகுதிக்கே அபூர்வமான ஓர் ஆவணம் இருக்கு. 1763-ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனியோட பொறியாளர் தாமஸ் பர்னார்ட் 1767-லிருந்து 1774 வரைக்கும் அங்கிருந்த சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அதுக்கு அடிப்படை, ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எழுதின ஓலைக் கணக்குகள்.

அதுல என்ன தெரியுதுன்னா, களத்து நெல் குவியல்லேருந்து முதல்ல ஊருக்கான பங்குகள் போகும். கோயிலுக்கு, ஏரிப் பராமரிப்புக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்குன்னு அளந்து எடுத்து வெச்ச பிறகுதான் மிச்சத்தை மேல்வாரம், குடிவாரம்னு பிரிப்பாங்க. மேல்வாரம் அரசுக்கு, குடிவாரம் பயிர் வெச்சவருக்கு. அப்போ ஒரு ஊரோட நெல் ஒரே இடத்துல தங்கல. பல வீட்டுக் குதிர்கள்ல பிரிஞ்சு கிடந்தது.

கோயிலும் ஒரு பெரிய கிடங்குதான். சோழர் கல்வெட்டுகள்ல நிலமும் பொன்னும் கொடுத்து, அதுக்கான பலனை வருஷா வருஷம் நெல்லா அளக்கச் சொல்ற ஏற்பாடுகள் நிறைய இருக்கு. ஒரு கலம்னா 12 மரக்கால். தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல நெல் அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்'னு கடவுள் பேரே வெச்சிருந்தாங்க. அளவுல ஏமாத்தினா சாமி கேக்கும்ங்கிற மாதிரி! ஸ்ரீரங்கம் கோயில்ல வட்டமான பெரிய செங்கல் களஞ்சியங்களை இன்னைக்கும் பார்க்கலாம். பாபநாசத்துப் பக்கம் திருப்பாலைத்துறையில நாயக்கர் காலத்துக் களஞ்சியம் ஒண்ணு நிக்குது. 3,000 கலம் நெல் கொள்ளும்னு சொல்றாங்க.

இதைக் கேட்டு 'ஆஹா, அந்தக் காலம் பொற்காலம்'னு முடிவு கட்டிட வேணாம். களத்துல பங்கு எல்லாருக்கும் சமமா இல்ல. நாத்து நட்டு, அறுத்து, போரடிச்ச உழைப்பாளிகளுக்குப் 'படியாள்'னு பேர். படியில அளந்து கூலி வாங்குற ஆள். அன்னன்னைக்குச் சாப்பாட்டுக்கே பத்தாத நெல்லுக்குக் குதிர் எதுக்கு?

இன்னும் அடியில ஒரு பிரச்சினை இருந்தது. செங்கல்பட்டுக் கலெக்டரா இருந்த டிரெமென்ஹீர், இந்த மாவட்டத்துல தலித் மக்கள் எப்படி வாழறாங்கன்னு 1891-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். அவங்க குடியிருந்த மனைகூட அவங்களுக்குச் சொந்தமில்ல, மிராசுதார் நெனச்சா காலி பண்ணச் சொல்லிடலாம்ங்கிற நிலையை அது பதிவு பண்ணுது. அந்த அறிக்கையோட தொடர்ச்சியா 1892-ல் வந்ததுதான் பஞ்சமி நிலத் திட்டம். சேமிக்கணும்னா முதல்ல குதிரை வைக்க ஒரு அடி மண் உங்களோடதா இருக்கணும். அது இல்லாதவங்க தலைமுறை தலைமுறையா இந்த ஊர்லதான் இருந்தாங்க.

கிஸ்தி தேதி

கம்பெனி ஆட்சி வந்தப்போ கிடங்கோட கதையில பெரிய திருப்பம் வந்தது. யாரும் போய்க் குதிரை உடைக்கல. வரி வாங்குற முறையை மாத்தினாங்க, அவ்வளவுதான்.

முன்னாடி அரசோட பங்கு பெரும்பாலும் களத்து நெல்லாவே போச்சு. விளைச்சல் குறைஞ்சா அரசுக்கும் குறையும். 19-ஆம் நூற்றாண்டுல ரயத்வாரி முறை நிலைபெற்ற பிறகு வரி காசா மாறிச்சு. நிலத்துக்கு இவ்வளவுன்னு தீர்வை. அதை இந்தந்த மாசம் இவ்வளவுன்னு தவணையாக் கட்டணும். அந்தத் தவணைக்குப் பேருதான் கிஸ்தி.

இப்போ ஒரு விவசாயியா யோசிச்சுப் பாருங்க. கையில நெல் இருக்கு, காசு இல்ல. கிஸ்தி தேதி நெருங்குது. பக்கத்து வயல்காரருக்கும் அதே தேதி, அடுத்த ஊருக்கும் அதே தேதி. எல்லாரும் ஒரே நேரத்துல நெல்லை விக்க வந்தா விலை விழும். விழுந்த விலைக்கு வித்துக் கிஸ்தி கட்டணும். மூணு மாசம் கழிச்சு விலை ஏறும்போது உங்ககிட்ட நெல் இருக்காது, வாங்கி வெச்ச வியாபாரிகிட்ட இருக்கும். அடுத்த விதைப்புக்கு முன்னாடி அதே வியாபாரிகிட்டயே கடனுக்கு நெல் வாங்கப் போவீங்க. நான் சொன்னேனே, சரக்கும் கடனும் பக்கத்துப் பக்கத்து வீடுன்னு.

குதிர் வீட்டுலேயே இருந்தது. காத்திருக்கிற சக்திதான் போயிடுச்சு. அது நகரத்துக் கிடங்குக்குக் குடி மாறிடுச்சு.

கடற்கரையில் மூட்டை, ஊருக்குள்ள பட்டினி

அந்த மாற்றத்தோட விலை என்னன்னு 1876-ல் தெரிஞ்சது. பருவமழை பொய்த்தது. அடுத்த ரெண்டு வருஷம் தென்னிந்தியா வரலாற்றுலேயே மிகக் கொடுமையான பஞ்சங்கள்ல ஒண்ணைப் பார்த்தது. தாது வருஷப் பஞ்சம்னு பெரியவங்க சொல்றது இதைத்தான். செத்தவங்க எண்ணிக்கை பல லட்சம்.

இதுல நெஞ்சை உறுத்துற விஷயம், தானியமே இல்லாம இருந்ததுன்னு சொல்ல முடியாது. 1877-ல் சென்னைக் கடற்கரையில தானிய மூட்டைகள் அடுக்கி வெச்சிருந்த காட்சி அந்தக் காலத்துப் படங்கள்ல இருக்கு. வங்காளத்துல இருந்தும் பர்மாவுல இருந்தும் கப்பல்ல அரிசி வந்து இறங்கிச்சு. ஆனா வாங்க மக்கள்கிட்ட காசு இல்ல. வேலை இல்லாததால கூலி இல்ல. கிடங்குல அரிசி இருந்துச்சு, வெளியே பசி இருந்துச்சு, நடுவுல விலை நின்னுச்சு.

அப்போ சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. அவரோட அரசாங்கம் தானே தானியம் வாங்கி இருப்பு வைக்க ஆரம்பிச்சது. வைஸ்ராய் லிட்டனோட அரசு அதை ஏத்துக்கல. தானிய வியாபாரத்துல சர்க்கார் தலையிடக் கூடாதுங்கிறது அவங்க கொள்கை. மேற்பார்வைக்கு ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினாங்க. அவர் நிவாரண வேலைக்கு வெச்ச கூலிதான் பேர்கெட்ட 'டெம்பிள் கூலி': ஒரு ஆணுக்கு நாளுக்கு 1 பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் வாங்குற காசும், மேல ஓர் அணாவும். அதுக்கு நாள் முழுக்க மண் வெட்டணும்.

அப்படி வெட்டினதுல ஒண்ணு நம்ம கண்ணு முன்னாடியே இருக்கு. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையா வெட்டப்பட்டது. இன்னைக்கு அதுக்கு மேலதான் பறக்கும் ரயில் ஓடுது. அடுத்த தடவை அதுல போறப்போ ஜன்னல் வழியா ஒரு நிமிஷம் கீழே பாருங்க.

சர்க்கார் கிடங்கு கட்டுது

கிடங்குல சர்க்கார் கை வைக்கலாமாங்கிற கேள்விக்கு அடுத்த நூற்றாண்டு வேற பதில் சொல்லுச்சு. 1942-ல் பர்மா ஜப்பான்கிட்ட போனதும் பர்மா அரிசி நின்னுபோச்சு. போர்க்காலத்துல ரேஷன் வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறமும் தொடர்ந்த உணவுக் கட்டுப்பாட்டை 1952-ல் முதலமைச்சர் ராஜாஜி எடுத்தார்.

விவசாயியோட பழைய பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. கோர்வாலா தலைமையிலான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வுக் குழு 1954-ல் அறிக்கை கொடுத்தது. கிராமத்து விவசாயிகள் வாங்குற கடன்ல கிட்டத்தட்ட 70 சதவீதம் வட்டிக்காரங்ககிட்ட இருந்து வருது, கூட்டுறவுச் சங்கங்கள்கிட்ட இருந்து வர்றது 3 சதவீதம்தான்னு அது சொல்லுச்சு. அந்தக் குழு யோசனை சொன்ன முக்கியமான விஷயங்கள்ல ஒண்ணு, நாடு முழுக்கப் பொதுக் கிடங்குகள் கட்டணும்ங்கிறது.

கடன் பிரச்சினைக்குக் கட்டடம் எப்படித் தீர்வாகும்? இப்படித்தான். நெல்லைப் பொதுக் கிடங்குல கொண்டுபோய் வைக்கிறீங்க. அவங்க எடை போட்டு, தரம் பார்த்து, ஒரு ரசீது கொடுப்பாங்க. அந்த ரசீதை பேங்க்ல காட்டினா, உள்ள இருக்கிற நெல் மேல கடன் கிடைக்கும். வீட்டுச் செலவுக்குக் காசும் வந்தாச்சு, நெல்லும் உங்க பேர்லேயே இருக்கு. விலை ஏறினதும் வித்துக் கடனை அடைச்சிடலாம். கிஸ்தி தேதி பறிச்சுக்கிட்ட நேரத்தை ஒரு துண்டுச் சீட்டு திருப்பிக் கொடுக்குது.

1956-ல் அதுக்குச் சட்டம் வந்தது. 1957-ல் மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனம், 1958-ல் நம்ம மாநிலத்துக்கான சேமிப்புக் கிடங்கு நிறுவனம். 1965 ஜனவரி 14-ல், சி.சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சரா இருந்தப்போ, இந்திய உணவுக் கழகம் தொடங்கிச்சு. அதோட முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர்ல. 1967 தேர்தல்ல ரூபாய்க்குப் படி அரிசிங்கிற வாக்குறுதி ஆட்சியையே மாத்துற அளவுக்குப் பேசப்பட்டது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். ரேஷன் கடை வாசல்ல வரிசையில நின்னு அரிசி வாங்கின நம்ம வீட்டுக் கதை எல்லாத்துக்கும் பின்னாடி, நீளமா, ஜன்னல் சின்னதா, உள்ள மூட்டைகள் அட்டி போட்டு அடுக்கின அந்தக் கிடங்குகள் இருக்கு. மூட்டை தூக்கிய முதுகுகளும் இருக்கு.

ரசீதுத் திட்டம் எல்லா விவசாயிக்கும் போய்ச் சேர்ந்ததான்னா, இல்ல. ரெண்டு ஏக்கர்காரர் இருபது மூட்டையை வண்டி வெச்சுத் தூரத்துக் கிடங்குக்குக் கொண்டுபோற செலவே கட்டுப்படியாகாது. நெல்லை அவ்வளவு காய வைக்கக் களமும் வேணும். அதனால பொதுக் கிடங்கோட வசதியை நல்லாப் பயன்படுத்திக்கிட்டவங்கள்ல வியாபாரிகள் நிறைய. 2007-ல் கிடங்கு ரசீதுக்குன்னே தனிச் சட்டம் வந்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள்ல பொருளீட்டுக் கடன்னு ஒரு வசதியும் இருக்கு. யோசனை இன்னும் உயிரோட இருக்கு, வேகம்தான் பத்தல.

ஜி.எஸ்.டி. ரோட்டுல ஜி.எஸ்.டி.

இப்போ நம்ம தாம்பரத்துக்கு வருவோம். 1870-களோட கடைசியில தெற்கே போற ரயில் பாதை இந்த வழியா வந்தது. 1931-ல் பீச்-தாம்பரம் மின்சார ரயில். 1984-ல் சானடோரியத்துல ஏற்றுமதி மண்டலம். 1990-களுக்கு அப்புறம் மறைமலை நகர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு கார் தொழிற்சாலைகள். வண்டலூர்ல ஆரம்பிச்சு மீஞ்சூர் வரைக்கும் சுமார் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. ரயில், ரோடு, துறைமுகத்துக்கு வழி, பக்கத்துல ஒரு கோடிப் பேர் சாப்பிடுற நகரம். கிடங்குக்கு இதைவிட நல்ல இடம் எது?

ஆனா அந்த ஷெட்டுகள் இவ்வளவு பெருசானதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, பேர்லேயே தமாஷ் இருக்கிற காரணம். நம்ம ரோட்டுக்குப் பேர் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு, சுருக்கமா ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்த வரிக்கும் பேர் ஜி.எஸ்.டி. அதுக்கு முன்னாடி ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு வித்தா 2 சதவீதம் மத்திய விற்பனை வரி. சொந்தக் கிடங்குக்கே சரக்கை மாத்தி, அங்கேர்ந்து வித்தா அந்த வரி இல்ல. அதனால கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு சின்னக் கிடங்காவது வெச்சிருந்தாங்க. புது வரி வந்ததும் அந்தத் தேவை போச்சு. நாலு மாநிலத்துக்கு நாலு சின்னக் கிடங்குக்குப் பதிலா, நல்ல ரோடு பக்கத்துல ஒரே பெரிய கிடங்கு போதும்னு ஆச்சு. ஆன்லைன் வியாபாரமும் சேர்ந்துக்கிச்சு. ஒரகடத்துலயும் ஸ்ரீபெரும்புதூர்லயும் ஷெட்டுகள் வளர்ந்தது இப்படித்தான்.

வரிக்கும் மூட்டைக்கும் இருக்கிற உறவை உங்க வீட்டு அடுப்பங்கரையிலேயே பார்க்கலாம். 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரைக்குமான, லேபிள் ஒட்டிப் பொட்டலம் போட்ட அரிசிக்கு 5 சதவீத வரி. உடனே கடைகள்ல 26 கிலோ சிப்பம் வந்துடுச்சு! அந்த ஒரு கிலோ அரிசி, வரிக்கு வெச்ச கும்பிடு.

இப்போ பத்து நிமிஷ டெலிவரி காலம். அதுக்கான கிடங்கு உங்க தெருமுனையிலேயே இருக்கு. கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டி, வாசல்ல பைக்குகள் நிக்கிற அந்தக் கடையில நாம உள்ள போய் எதுவும் வாங்க முடியாது. டார்க் ஸ்டோர்னு பேர். உள்ள உங்க வயசுப் பசங்க நொடிக்கணக்கு பாத்துக்கிட்டுச் சாமானைப் பொறுக்கிப் பையில போடுறாங்க. காத்திருக்கிறதுக்காகக் கட்டின கட்டடம் கிடங்கு. இன்னைக்கு அதுக்குள்ள வேலை பாக்கிறவங்களுக்குத்தான் அதிக அவசரம்.

தார்ப்பாய்க்கு அடியில

இன்னொரு காட்சி. அதே செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம். சொர்ணவாரிப் பட்டம் அறுவடை ஆகுற ஆகஸ்ட், செப்டம்பர். சாயங்காலம் ஆனா இடி மழை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசல்ல நெல் குவியல், அதுமேல தார்ப்பாய். அரசு வாங்கணும்னா ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். மழை பெஞ்சா ஈரம் ஏறும், ஏறினா திரும்பக் காய வைக்கணும், காய வைக்க வெயில் வேணும். விவசாயி குவியலுக்குப் பக்கத்துலேயே படுத்துக் காவல் காக்கிறார். வாங்கின நெல்லுக்கும் கூரை பத்தாம, சில இடங்கள்ல திறந்தவெளியில மேடை போட்டு, அட்டி அடுக்கி, தார்ப்பாய் மூடி வைக்கிறாங்க. வியாபாரி வந்து குறைஞ்ச விலை சொன்னா, மேகத்தைப் பாத்துட்டுத் தலையாட்ட வேண்டியதுதான்.

உங்க ஹெட்போன் ஒழுகாத கூரைக்குக் கீழே, தரையில தூசி இல்லாத ஷெட்டுல பத்திரமா இருக்கு. அது இருக்கட்டும், தப்பே இல்ல. அதே மாவட்டத்துல நெல்லுக்கு ஏன் தார்ப்பாய்ங்கிறதுதான் கேள்வி.

2020-ல் மூணு வேளாண் சட்டங்கள் வந்தப்போ நடந்த சண்டையோட ஒரு பகுதி இதுதான். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்துல ஒரு திருத்தம்: தானியம் மாதிரி சீக்கிரம் கெடாத பொருளோட விலை 50 சதவீதம், காய்கறி, பழங்களோட விலை 100 சதவீதம் ஏறினாத்தான் இருப்புக்கு உச்சவரம்பு போடலாம்னு. கட்டுப்பாடு தளர்ந்தா முதலீடு வரும், கிடங்குகள் பெருகும், விவசாயிக்கு நல்லதுன்னு ஒரு தரப்பு. பெரிய கிடங்கு வெச்சிருக்கிறவங்க பதுக்குவாங்க, விலை அவங்க சொல்றதுதான்னு இன்னொரு தரப்பு. 2021 கடைசியில மூணு சட்டமும் திரும்பப் பெறப்பட்டது. 1877-ல் லிட்டனுக்கும் பக்கிங்ஹாமுக்கும் நடந்த வாக்குவாதத்தோட எதிரொலி அதுல கேக்குதுல்ல? 'சேமிப்பு', 'பதுக்கல்'னு நம்மகிட்ட ரெண்டு சொல் இருக்கு. ரெண்டுலயும் நடக்கிற வேலை ஒண்ணுதான், பொருளை வெளியே விடாம வைக்கிறது. யாரோட பசிக்காக, யாரோட லாபத்துக்காகங்கிறதுலதான் சொல் மாறுது.

கடைசியா ஏரிக்கே திரும்பிடறேன். 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் தண்ணியில மிதந்தது உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். தண்ணி கிடக்கிறதுக்குன்னு இருந்த இடங்களும், அது ஓடுற வழிகளும் சுருங்கிப்போச்சுன்னா, அது வீட்டுக்குள்ள வந்து கிடக்கும். ஆயக்கட்டு மனையா மாறிச்சு, களம் பார்க்கிங் ஆச்சு, குதிர் கூகுள்ல தேடுற வார்த்தை ஆச்சு. இதையெல்லாம் திரும்பக் கொண்டு வரணும்னு நான் சொல்லல. படியாளுக்குக் குதிர் இல்லாத அந்தப் பழைய ஊர் எனக்கு வேண்டாம். ஆனா புதுசா ஒரு கிடங்கு எழும்பும்போது, இது யாரைக் காத்திருக்க வைக்கும், யாரை அவசரப்படுத்தும்னு கேக்கிற பழக்கம் நமக்கு வந்தா நல்லது.

அன்னைக்கு மொட்டை மாடியில இருந்து கிளம்புறப்போ பாட்டிகிட்ட கேட்டேன், "அந்தக் குதிர் இப்போ என்ன ஆச்சு பாட்டி?"

"வீட்டை வித்தப்போ ஒடச்சுட்டாங்க. வாசல் வழியா வெளிய வரல. வீட்டுக்குள்ளேயே வனைஞ்சது இல்ல?"ன்னாங்க.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டயும் கேட்டுப் பாருங்க. குதிரோ, பத்தாயமோ, குலுக்கையோ, உங்க ஊர்ல அதுக்கு என்ன பேருன்னு. முக்கியமா, அது காலியா இருந்த வருஷம் என்ன பண்ணாங்கன்னு. அவங்க குரல்லேயே பதிவு பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.